ஒரு கட்டில், மூணு வேளை சோறு, ஒரு பள்ளிக்கூடம்! - அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள்... யாருக்கு எது?

பண்ருட்டிப் பக்கம் சித்திரை, வைகாசி பிறந்தால் இரண்டு வாசனை ஊரைச் சுற்றி வரும். ஒன்று, மண்டியில் குவிந்து கிடக்கும் பலாவின் வாசனை. இன்னொன்று, முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை. இதே மாதங்களில் பல வீடுகளுக்குள் மூன்றாவதாக ஒன்றும் புகைந்துகொண்டிருக்கும். 'அஞ்சாவது முடிச்சாச்சு... புள்ளைய அடுத்து எங்க சேக்கறது?' என்ற கேள்விதான் அது.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துக் கிடக்கின்றன. அப்பா சில மாதம் நெய்வேலியில் ஒப்பந்தக் கூலி, சில மாதம் கரும்பு வெட்டக் கூட்டத்தோடு வெளியூர். அந்த மாதங்களில் அம்மாவும் கூடவே போக வேண்டியிருக்கும். மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி மட்டும்தான். அவருக்கும் கண்பார்வை மங்கிவிட்டது. மகளோ வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நெய்வேலி நகரியம். 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், மரம் அடர்ந்த அகலச் சாலைகள், மருத்துவமனை, பள்ளிகள் என எல்லாம் அங்கே உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வீட்டு வாசலில். ஒப்பந்தக் கூலியின் பிள்ளைக்கு, வீட்டில் ஆள் இருந்தால்தான் பள்ளிக்கூடமே!

இந்தப் பிள்ளைக்கு உடனடித் தேவை ஆங்கில வழிப் பள்ளியோ, ஏ.சி வகுப்பறையோ அல்ல. அப்பா, அம்மா ஊரில் இல்லாத நாளிலும் படுக்க ஒரு பாதுகாப்பான இடமும், மூன்று வேளைச் சாப்பாடும், நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடமும்தான். இதைத் தனியார் விடுதிப் பள்ளியில் வாங்க வேண்டுமானால் ஆண்டுக்கு லட்ச ரூபாய்க் கணக்கு. அரசின் செலவிலேயே கிடைக்க வழி இருக்கிறது. ஒரு வழி அல்ல, பல வழிகள். ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் சாவி வேறு வேறு. அது தெரியாமல்தான் பலர் வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுகிறார்கள். இன்னும் சிலர், பிள்ளையைப் பள்ளியை விட்டே நிறுத்திவிடுகிறார்கள்.

அடுப்பும் பள்ளியும்

'சோறு போட்டால்தான் படிப்பு ஏறும்' என்பது கடலூர் மாவட்டத்துக்குப் புதிய பாடம் இல்லை. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிற வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு, இன்றும் அணையாமல் எரிகிறது.

அதே மாவட்டத்தின் சிதம்பரத்தில், 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குள் அனுமதிக்கவே பலர் தயங்கிய காலம் அது. வெளியூரிலிருந்து வரும் பிள்ளை எங்கே தங்கும், என்ன சாப்பிடும் என்பதற்கு விடை இல்லாமல் பள்ளி மட்டும் கட்டிப் பயனில்லை என்பதால், பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. இன்று அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன. ஒரு தனிமனிதர் திரட்டிய உதவியில் தொடங்கியது, இன்று அரசின் பொறுப்பு.

பக்கத்து மாநிலத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 1971-ல், அன்றைய ஆந்திர முதல்வர் பி.வி.நரசிம்ம ராவ், நல்கொண்டா மாவட்டத்தின் சர்வேல் கிராமத்தில் அரசு உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கிவைத்தார். 'குருகுலம்' என்று மக்கள் அழைக்கும் அந்தப் பள்ளிகள் பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின. 2014-ல் 13 வயதில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட மாலாவத் பூர்ணா, அப்படியொரு சமூக நல உறைவிடப் பள்ளியின் மாணவிதான்.

பணக்கார நாடான இங்கிலாந்தில்கூட அரசு விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிப்பு இலவசம். ஆனால், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பெற்றோர்தான் பணம் கட்ட வேண்டும். நம் ஊர் அரசு விடுதிகளில் அதுவும் இலவசம்.

கதவு 1: ஊருக்குப் பக்கத்து விடுதி

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். 'விடுதி' வேறு, 'உண்டு உறைவிடப் பள்ளி' வேறு. விடுதியில் பிள்ளை தங்கும், சாப்பிடும். படிப்பது பக்கத்தில் இருக்கிற பள்ளியில். உண்டு உறைவிடப் பள்ளியில் வகுப்பறையும் கட்டிலும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும்.

நம் குடும்பத்துக்கு எளிதில் எட்டக்கூடியது முதல் வகைதான். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை ஆகியவை மாநிலம் முழுக்க நடத்தும் பள்ளி, கல்லூரி விடுதிகள் 2,700-க்கும் அதிகம். இவை எல்லாவற்றுக்கும் 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது.

பள்ளி விடுதிகளில் 4-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிப்பவர்கள் சேரலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தபட்ச தூரம் இருக்க வேண்டும் என்றொரு விதி உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் அது 8 கிலோமீட்டர். ஆனால், மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது. 'எங்க வீடு பக்கத்துலதானே இருக்கு, எடம் தர மாட்டாங்க' என்று நினைத்து, பெண் பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆதிதிராவிடர் நல விடுதியில் மற்ற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் குறைந்த அளவில் இடம் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளுக்கென்று தனியே 5 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

இனி ஒரு சின்னக் கணக்கு. 2023-ல் பள்ளி மாணவர் ஒருவருக்கான மாத உணவுக் கட்டணத்தை ரூ.1,000-லிருந்து ரூ.1,400 ஆக அரசு உயர்த்தியது. பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு ரூ.14,000. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை ஏழு ஆண்டுகளுக்குக் கூட்டினால் ரூ.98,000. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு மட்டும், குடும்பத்தின் கையிலிருந்து போகாமல் மிச்சமாகும் தொகை இது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஒரு நாளைக்கு ரூ.47-க்கும் குறைவு. மூன்று வேளைக்கும் சேர்த்து! காய்கறி விலை ஏறும் மாதங்களில் இந்தப் பணத்தில் வளரும் பிள்ளையின் தட்டு நிறையுமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். அதனால்தான் சேர்ப்பதற்கு முன் சமையலறையை எட்டிப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தை விடுதிக் காப்பாளரிடமோ, கடலூரில் இருக்கிற மாவட்ட நல அலுவலரிடமோ இலவசமாக வாங்கலாம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு விண்ணப்பிக்கும்போதே சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தர வேண்டியதில்லை. சேரும்போது கொடுத்தால் போதும். 'சர்ட்டிஃபிகேட் இன்னும் வரல' என்று கடைசித் தேதியைக் கோட்டைவிட வேண்டாம்.

கதவு 2: மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி

அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்காக, 9 முதல் 12-ம் வகுப்பு வரை தங்கிப் படிக்கும் மாதிரிப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறை நடத்துகிறது. 2021-22 கல்வியாண்டில் 10 மாவட்டங்களில் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 38 மாவட்டங்களுக்கும் விரிந்தது. கடலூர் மாவட்டமும் இதில் அடக்கம். தங்குமிடம், சாப்பாடு, ஜே.இ.இ., நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி எல்லாமே இலவசம்.

தேர்வு செய்யப்படுவது அரசுப் பள்ளி மாணவர்களிலிருந்துதான். இதில் சேர ஆசை இருந்தால் எட்டாவது படிக்கும்போதே வகுப்பாசிரியரிடம் பேசிவைக்க வேண்டும். ஆறாவதிலேயே பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரிக்க மனமில்லாத பெற்றோருக்கு இது நல்ல வழி. மூன்று ஆண்டு வீட்டிலிருந்து படிக்கட்டும். 13, 14 வயதில் விவரம் தெரிந்தபின் விடுதிக்குப் போகட்டும்.

கதவு 3: பழங்குடிப் பிள்ளைகளுக்கு

பழங்குடியினர் நலத்துறை மலைப்பகுதிகளில் நடத்தும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் பல காலமாக இருக்கின்றன. இவற்றோடு, மத்திய அரசு நிதியில் 1997-98-ல் தொடங்கிய ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் உள்ள பள்ளி. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு நடக்கும்.

இந்தப் பள்ளிகளிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்? திருச்சி மாவட்டப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் படித்த மாணவி, ஜே.இ.இ. எழுதி 2024-ல் திருச்சி என்.ஐ.டி.க்குள் நுழைந்தார். கூலிவேலை செய்யும் பெற்றோரின் மகள் அவர்.

பண்ருட்டி, கடலூர்ப் பக்கம் வாழும் இருளர் குடும்பங்களுக்கு இந்தக் கதவைத் திறக்கப் பெரிய தடை, சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் பெற வேண்டும். விசாரணை, கையெழுத்து என்று நாள் இழுக்கும். ஐந்தாவது முடித்த பிறகு ஓடுவதைவிட, மூன்றாவது படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கதவு 4: இடைநின்ற பெண் பிள்ளைகளுக்கு

பள்ளிக்கே போகாத, பாதியில் நின்றுபோன பெண் பிள்ளைகளுக்காக 2004-ல் தொடங்கப்பட்டவை கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளிகள். கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில் நடக்கின்றன. 'ரெண்டு வருஷம் வீட்டுல இருந்துட்டா... இனிமே எப்படிப் போவா?' என்று தயங்கும் வீடுகளுக்கான இடமே இதுதான். விட்ட பாடத்தைப் பிடித்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். வட்டார வளமையத்தில் விசாரிக்கலாம்.

கதவு 5: ஓடத் தெரிந்த பிள்ளைக்கும், சீருடை ஆசைக்கும்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்பில் சேர்கிறவர்களுக்குத் தேர்வுப் போட்டிகள் நடக்கும். தங்குமிடம், சத்தான உணவு, பயிற்சி எல்லாம் இலவசம்.

ராணுவக் கனவு இருந்தால், உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பெண் பிள்ளைகளும் இப்போது சேரலாம். ஆனால், அரசுப் பள்ளி என்பதால் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டணம் உண்டு, அது சிறியதும் அல்ல. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் உதவித்தொகை கிடைக்கும். அந்த விவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

'நவோதயா இருக்காமே?'

யூடியூபில் பார்த்துவிட்டு நிறைய பெற்றோர் கேட்கும் கேள்வி இது. மத்திய அரசின் ஜவஹர் நவோதயா வித்யாலயா பள்ளிகள் 1985-86-ல் தொடங்கின. 6 முதல் 12 வரை தங்கிப் படிக்கலாம். மாவட்டத்துக்கு ஒன்று, கிராமப்புறத்துக்கு 75 சதவிகித இடம் என்பது திட்டம். ஆனால், மும்மொழிக் கொள்கையை ஏற்க முடியாது என்ற நிலைப்பாட்டால் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. திறக்க வழிசெய்யுமாறு 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட, தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போய் அதே ஆண்டில் தடை பெற்றது.

'பக்கத்துல பாண்டிச்சேரில இருக்கே?' என்றால், ஆம், இருக்கிறது. ஆனால், அந்தந்த மாவட்டத்தில் வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைதான் அந்தப் பள்ளிக்குத் தேர்வு எழுத முடியும். பண்ருட்டிப் பிள்ளைக்கு அது எட்டாது. 'நவோதயா சீட் வாங்கித் தர்றேன்' என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

கணக்கில் தெரியாத லாபம்

6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை மாநில அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் 'புதுமைப்பெண்', ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் ரூ.1,000.

ஆறாவதில் கடன் வாங்கித் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்து, இரண்டு வருடம் கழித்துக் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கடனும் மிச்சம், அந்த 7.5 சதவிகித வாய்ப்பும் போச்சு. அரசு விடுதியில் தங்கி அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பு அப்படியே கையில் இருக்கும்.

அனுப்பலாமா, வேண்டாமா?

இலவசம் என்பதாலேயே அனுப்ப வேண்டும் என்றில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் பக்கத்தில் படுப்பதற்கு ஈடான வசதி எந்த விடுதியிலும் கிடையாது. இலவச பஸ் பாஸில் போய்வரும் தூரத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்து, மாலையில் வீடு திரும்பும்போது பொறுப்பான ஒரு பெரியவர் இருந்தால், பிள்ளை வீட்டிலேயே வளரட்டும்.

ஆனால், பெற்றோர் மாதக்கணக்கில் ஊரைவிட்டுப் போகிற தொழில் என்றால், கூடவே போகும் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும் என்றால், குடிப்பழக்கம் வீட்டின் நிம்மதியைக் குலைக்கிறது என்றால், 'வயசுக்கு வந்துட்டா, பேசாம கட்டிக் குடுத்துடலாம்' என்ற பேச்சு சொந்தத்தில் கிளம்புகிறது என்றால், அப்போது அந்தக் கட்டில், பிள்ளையின் எதிர்காலத்தையே காப்பாற்றும்.

நாம் முதலில் பார்த்த குடும்பத்தின் பதில் இங்கேதான் இருக்கிறது. கரும்பு வெட்டுக் காலத்தில் யாரும் இல்லாத வீடு, பார்வை மங்கிய பாட்டி, படிப்பில் கெட்டிக்காரப் பெண். ஆறாவதுக்கு, பண்ருட்டி வட்டாரத்திலேயே அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள மாணவியர் விடுதி. ஒன்பதாவதுக்கு, கடலூர் மாவட்ட மாதிரிப் பள்ளிக்கு முயற்சி. விடுமுறைக்கு வீடு. செலவு, பஸ் டிக்கெட்டும் சோப்பு, எண்ணெயும்தான்.

கையெழுத்துப் போடும் முன் கண்ணால் பாருங்கள்!

* முன்னறிவிப்பு இல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பது எந்த விளம்பரப் பலகையையும்விடத் தெளிவாகப் பேசும்.
* கழிவறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? ராத்திரி விளக்கு எரிகிறதா?
* காப்பாளர் விடுதியிலேயே தங்குகிறாரா? மாணவியர் விடுதி என்றால், இரவில் பெண் பணியாளர் இருக்கிறாரா? சுற்றுச்சுவர் உள்ளதா?
* காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை, யார் அழைத்துப் போவார்? மாதவிடாய்க் காலத்துக்கு நாப்கினும் அதை அப்புறப்படுத்த வசதியும் உண்டா?
* பிள்ளை எந்த நாளில், யாருடைய போனில் வீட்டோடு பேசலாம்? இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.
* ஏற்கெனவே அங்கே தங்கியிருக்கும் இரண்டு பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள்.

சேர்த்த பிறகு வரும் முதல் சில வாரங்கள் அழுகை இருக்கும். அது இயல்பு. ஆனால், அழுகை குறைந்து அமைதியாகிவிட்ட பிள்ளை திடீரென்று மறுபடி 'வர மாட்டேன்' என்று அடம்பிடித்தால், 'சும்மா சாக்கு சொல்றா' என்று தள்ளாதீர்கள். என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். அடி, மிரட்டல், தொடுதல், சாதியைச் சொல்லித் திட்டுதல் எதுவாக இருந்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இரண்டிலும் புகார் சொல்லலாம். இந்த இரண்டு எண்களையும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

'ஹாஸ்டல் புள்ள' என்ற சொல்லை நம் ஊரில் சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. அரசு விடுதியின் இரும்புக் கட்டிலில் படுத்துப் படித்து ஆசிரியராக, மருத்துவராக, ஆட்சியராக உயர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அங்கே கிடைக்கும் சோறும் பாயும் தர்மம் அல்ல. பலாப்பழம் சுமக்கிறவரும் கொட்டை உடைக்கிறவரும் கட்டிய வரியிலிருந்து, அவர்களின் பிள்ளைகளுக்கே திரும்பி வருகிற உரிமை.

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே இருக்கும்போது அவசரப்படாமல், இந்த வாரமே ஒருமுறை பக்கத்து விடுதிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு!